வேதாளரின் தோற்றக் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய படத்தொடரின் நாயகர் வேதாளர். கதை லீ ஃபாக், முதல் ஓவியர் ரே மூர், விநியோகம் கிங் ஃபீச்சர்ஸ். சாகச காமிக்ஸ் உலகில் உடலோடு ஒட்டிய உடையும் விழி தெரியாத முகமூடியும் அணிந்து வந்தவர்களில் முன்னோடி இவர். சூப்பர்மேன் வந்தது 1938இல், பேட்மேன் வந்தது 1939இல். அவருடைய தோற்றக் கதை குறித்துப் புது வாசகர்களும், பழைய இதழ்களைத் தேடிப் படிப்பவர்களும், சொந்தமாகக் காமிக்ஸ் வரைய முயல்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ராணி காமிக்ஸில் வந்த மாயாவியும் இவரும் ஒருவரா?

ஆம், இருவரும் ஒருவரே. ஆனால் இரும்புக்கை மாயாவி வேறு ஆள். அவர் பெயர் லூயிஸ் கிராண்டல், 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் அறிமுகமானவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். வேதாளருக்கு அப்படி எந்தச் சக்தியும் கிடையாது.

தோற்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1536ஆம் ஆண்டு. ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஒருவர் தன் கடைசிப் பயணத்தில் இருக்கிறார். சிறு வயதில் கொலம்பஸின் கப்பலில் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தவர் அவர். மகன் கிறிஸ்டோபர் வாக்கரும் அதே கப்பலில் இருக்கிறான். சிங் கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்குகிறார்கள். தந்தை கொல்லப்படுவதை மகன் கண்ணெதிரே பார்க்கிறான். வெடித்துச் சிதறிய கப்பலில் இருந்து உயிர் தப்பியவன் அவன் ஒருவன்தான்.

கரையில் ஒதுங்கிக் கிடந்தவனைப் பந்தர் என்ற குள்ள மனிதர்கள் கண்டெடுத்துப் பேணுகிறார்கள். உடல் தேறிய பிறகு ஒருநாள் கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது. அது ஒரு கொள்ளையன். அவன் மேல் இருப்பது தந்தையின் உடை. தந்தையைக் கொன்றவன் இவன்தான் என்று கிறிஸ்டோபருக்கு அந்த உடையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அவனுடைய மண்டை ஓட்டின் மேல் கை வைத்து, கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை ஒழிக்கவே தன் வாழ்நாள் என்றும், தனக்குப் பின் தன் மகனும் அவன் மகனும் இதையே தொடர்வார்கள் என்றும் சபதம் செய்கிறான்.

இந்தச் சபதத்தின் இரண்டாம் பகுதியைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முதல் பகுதி மட்டும் இருந்திருந்தால் இது ஒரு பழிவாங்கும் கதை, ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும். இரண்டாம் பகுதியால்தான் வேதாளர் என்பது ஒரு ஆளின் பெயராக நிற்காமல் கைமாறும் பொறுப்பாக ஆகிறது. முகமூடிக்கும் அங்கேதான் வேலை வருகிறது. உள்ளே இருக்கும் முகம் மாறுவது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது.

சபதம் செய்தது தந்தையின் மண்டை ஓட்டின் மேலா?

இல்லை. கொன்றவனுடைய மண்டை ஓட்டின் மேல். இதைத் தந்தையினுடையது என்று எண்ணிக்கொண்டு படித்தால் கதையின் தர்க்கமே மாறிவிடும். கொலைகாரன் ஏற்கெனவே செத்துவிட்டான், பழிவாங்க ஆள் இல்லை. அதனால்தான் கோபம் ஒரு மனிதனை விட்டு, அவனைப் போன்ற எல்லோர் மேலும் திரும்புகிறது.

மண்டை ஓட்டுக் குகையும் உடையும் எப்போது வருகின்றன?

சபதத்துக்குப் பிறகு. லீ ஃபாக் பின்னாளில் விரித்து எழுதிய வடிவத்தின்படி, பந்தர்கள் அப்போது வசாகா என்ற உயரமான இனத்தாருக்கு அடிமைகள். கடலில் இருந்து ஒருவன் வந்து தங்களை விடுவிப்பான் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. கிறிஸ்டோபர் முதலில் வசாகாக்களிடம் போய் நேரடியாகவே கேட்டுப் பார்க்கிறான், பிடிபடுகிறான். அடுத்த முறை அவர்கள் வணங்கும் அச்சம் தரும் தெய்வத்தின் உருவத்தைப் போலவே உடையணிந்து வருகிறான். அதே நேரத்தில் பந்தர்கள் விஷ அம்புகளோடு தாக்குகிறார்கள். விடுதலை கிடைத்த பிறகு, காற்றும் நீரும் அரித்து மண்டை ஓட்டு வடிவம் கொண்ட குகையை நன்றியோடு காட்டித் தருபவர்கள் பந்தர்களே.

ஆக, உடை எதிரியின் பயத்தில் இருந்து வந்தது. முகமூடி வீரர்களின் உடைக்கு இதைவிட உறுதியான காரணம் சொன்ன கதைகள் குறைவு.

இந்தக் கதை தொடரின் முதல் நாளே சொல்லப்பட்டதா?

இல்லை. ஃபாக்கின் முதல் திட்டமே வேறு. டயானா பால்மர் என்ற இளம்பெண் அம்பர்கிரிஸ் என்ற விலையுயர்ந்த திமிங்கில வாசனைப் பொருளோடு கப்பலில் ஊர் திரும்புகிறாள், அதைப் பறிக்கக் கொள்ளையர் கூட்டம் வருகிறது, முகமூடி மனிதர் ஒருவர் குறுக்கே நிற்கிறார். இப்படித்தான் முதல் கதை தொடங்கும். அதில் டயானாவின் நண்பனாக ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன் ஒருவன் வருகிறான். சோம்பேறி, பொழுதுபோக்குப் பேர்வழி. முகமூடிக்குள் இருப்பவன் இவன்தான் என்று பிறகு வெளிப்படுத்துவது ஃபாக்கின் எண்ணம்.

கதை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் மனம் மாறிவிட்டது. நகரத்துச் சீமான் இரவில் முகமூடி போடுகிறான் என்பதை விட்டுவிட்டு, காடு, குகை, நானூறு ஆண்டு வம்சம் என்று திருப்பினார். நாளிதழ்த் தொடரில் அச்சாகிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் ஜிம்மியைப் பற்றிய சாடைகள் தொடக்கப் பகுதிகளில் அப்படியே நிற்கின்றன. முதல் கதையைப் படிக்கும்போது ஏதோ ஒரு நூல் பாதியில் அறுந்ததுபோல் தோன்றினால் காரணம் இதுதான். உங்கள் பதிப்பில் பக்கம் விடுபடவில்லை.

அதே முதல் கதைக்குள்ளேயே வேதாளர் டயானாவிடம் தன் முன்னோரின் கதையைச் சொல்லிவிடுகிறார். எதிரிகளும் அதே சிங் கூட்டம்தான். நானூறு ஆண்டு முன்பு நடந்த கொலைக்கும் இன்றைய சண்டைக்கும் நேர்க்கோடு போட்ட இந்த அமைப்பு, அவசரமாகத் திசை மாறிய ஒரு கதையில் இருப்பது வியப்பானது.

1536 முதல் 1936 வரை 21 தலைமுறை. கணக்கு சரியாக வருமா?

போட்டுப் பார்க்கலாம். முதல் வேதாளரான கிறிஸ்டோபருக்கு 1536இல் வயது 20 என்று வைத்தால் பிறப்பு 1516. தொடரின் நாயகரான இருபத்தொன்றாமவர் 1936இல் 25 வயது இளைஞர் என்றால் பிறப்பு 1911. இடைவெளி 395 ஆண்டுகள். முதலாமவருக்கும் இருபத்தொன்றாமவருக்கும் நடுவே இருப்பது 20 பிறப்பு இடைவெளிகள். வகுத்தால் ஒன்றுக்கு 20 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒவ்வொரு வேதாளரும் சராசரியாக 20 வயதை எட்டும் முன்பே தந்தையாகி இருக்க வேண்டும். படிப்பு, பயிற்சி, காதல், மணம் எல்லாம் அதற்குள். மிக நெருக்கடியான கணக்கு.

ஆனால் தொடர் இன்றும் ஓடுகிறது. நாயகர் இன்றும் அதே இருபத்தொன்றாமவர், வயதும் ஏறக்குறைய அதேதான். இன்று அவருக்கு 35 என்று வைத்தால் பிறப்பு 1990ஐ ஒட்டி வரும். 1516இல் இருந்து அதுவரை 474 ஆண்டுகள், அதை 20ஆல் வகுத்தால் தலைமுறைக்கு 23 ஆண்டு, 8 மாதம். இது நம்பத்தக்கது. ஆண்டு ஏற ஏறக் கணக்கு சரியாகிக்கொண்டே போகும் தொடர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தந்தையின் வயதையும் இப்படியே சரிபார்க்கலாம். 1492இல் 12 வயதுப் பையன் என்றால் 1536இல் 56. கடைசிப் பயணம் என்று கதை சொல்வது பொருந்துகிறது.

பொறுப்பு கைமாறுவது எப்படி?

வாரிசு குகையில் பிறக்கிறான், காட்டில் வளர்கிறான், பிறகு படிப்புக்காக வெளியுலகுக்கு அனுப்பப்படுகிறான். இருபத்தொன்றாமவரான கிட் வாக்கர் மிசௌரி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில்லில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். பந்தர் தலைவரான குரன்தான் அவருக்குச் சிறு வயதுத் தோழன். தந்தை மரணப் படுக்கையில் இருக்கும் செய்தி வந்ததும் எல்லாவற்றையும் விட்டுத் திரும்புகிறான் வாரிசு. தந்தையைக் குகைக்குள் உள்ள கல்லறையில் முன்னோர் வரிசையில் அடக்கம் செய்கிறான். மண்டை ஓட்டின் முன் அதே சபதம், அதே உடை, மோதிரங்கள், இடைவார். அன்றிலிருந்து குகையில் உள்ள வரலாற்றுப் பேரேடுகளில் தன் பங்கையும் எழுதத் தொடங்குகிறான்.

மூத்த மகன் என்ற ஒழுங்கு எப்போதும் நேராகப் போகவில்லை. பதினேழாமவரின் இரட்டைச் சகோதரி ஜூலி கொஞ்சக் காலம் அந்த உடையை அணிந்திருக்கிறாள்.

அவர் சாகாவரம் பெற்றவர் இல்லையா?

இல்லை. அப்படி நம்புவது கதைக்குள் இருக்கும் மக்கள். உண்மை தெரிந்தவர்கள் பந்தர்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரும் மட்டும்.

பதிப்புக்குப் பதிப்பு நாட்டின் பெயரும் கொள்ளையர் பெயரும் ஏன் மாறுகின்றன?

ஃபாக் முதலில் கதையை ஆசியக் கடலோரத்தில், பெங்காலி என்ற கற்பனை நிலத்தில் வைத்தார். பின்னாளில் அது ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்து பங்கல்லா என்ற தனி நாடாக நிலைபெற்றது. 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இந்திய வாசகர்களுக்காக இன்னும் இரண்டு மாற்றங்கள் செய்தது. பெங்காலி என்பது டெங்காலி ஆனது, சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆனார்கள். ஒரு இந்திய மாநிலத்தையும், பல கோடிப் பேர் தாங்கும் ஒரு பெயரையும் கொள்ளையரோடு சேர்த்து அச்சிட முடியாதல்லவா.

ஆகவே டெங்காலி என்று இருந்தால் அது இந்தியப் பதிப்பின் வழி வந்தது என்று அடையாளம் காணலாம். பங்கல்லா என்று இருந்தால் பிற்கால மூலத்தின் வழி. இரண்டும் ஒரே நிலம், தனித்தனிக் கதைகள் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். ஆண்டும் துணைப் பெயர்களும் ஆரம்பச் சொல்லலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தவைதான். முரண்பாடு தெரிந்தால் பிற்கால வடிவத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. ஃபாக் 1999இல் மறையும் வரை தானே எழுதிக்கொண்டிருந்தவர், திருத்தங்களில் பெரும்பாலானவை அவர் கையாலேயே நடந்தவை.

உடை ஊதாவா, சிவப்பா, நீலமா?

மூன்றும் அச்சில் வந்திருக்கின்றன. நாளிதழ்த் தொடர் கறுப்பு வெள்ளை என்பதால் மூன்று ஆண்டுகள் நிறம் என்ற பேச்சே எழவில்லை. ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம். 1939 மே 28 அன்று ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது ஊதா வந்தது. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி வண்ணமிட்டார்கள். இத்தாலியில் சிவப்பு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம். அந்தந்த நாட்டு வாசகர்களுக்கு அதுவே பழகிவிட்டதால் பிறகு மாற்றவில்லை.

கண்ணில் விழி ஏன் வரையப்படவில்லை? நானும் அப்படி வரையலாமா?

பழங்கால கிரேக்கச் சிலைகளில் கண்மணி இல்லாதிருப்பது ஒரு மனிதத்தன்மை கடந்த தோற்றத்தைத் தருகிறது என்று ஃபாக் கருதினார். அதையே முகமூடிக்குக் கொண்டுவந்தார். பிறகு வந்த எத்தனையோ முகமூடி வீரர்கள் இதைப் பின்பற்றினார்கள்.

வரையலாம், ஆனால் கண் போனால் உணர்ச்சி காட்டும் முதன்மையான கருவி கையை விட்டுப் போகிறது. அதைத் தாடை, உதடு, கழுத்தின் சாய்வு, தோள் ஆகியவற்றால் ஈடுகட்ட வேண்டும். முகமூடியின் கீழ் விளிம்பு கன்ன எலும்போடு நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கன்னத் தசையும் மறைந்து, நாயகர் எல்லாப் படக் கட்டங்களிலும் ஒரே முகத்தோடு நிற்பார். கண் பிளவை வெறும் வெள்ளை முட்டையாக வரையாமல், மேல் விளிம்பைச் சற்றே தடிமனாக்கி உள்மூலையைத் தாழ்த்துங்கள். கோபத்துக்குப் பிளவைக் குறுக்குங்கள், திகைப்புக்கு விரியுங்கள்.

வேதாளரை வரைந்து பழகுபவர்களுக்கு இன்னொன்று. அவரது அரைக்கச்சையில் சாய்கோடுகள் உண்டு. கோடுகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக வைத்து வரைந்த படத்தைச் சுருக்கி அச்சிட்டால் மை இடைவெளிகளை நிரப்பி, முழுக் கறுப்பாகிவிடும். படம் பாதியாகச் சுருங்கும் என்றால் இடைவெளியை இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கையில் எந்த மோதிரம்?

வலக்கையில் மண்டை ஓட்டு மோதிரம். குத்தினால் தீயவர் தாடையில் அழியாத தழும்பு விழும். இடக்கையில் நல்ல சின்னம், குறுக்காக அமைந்த வாள்களின் வடிவம். அது பட்டவர் வேதாளரின் பாதுகாப்பில் இருப்பவர். இதயத்துக்கு அருகே உள்ள கை என்பதால் இடக்கை.

மறுபதிப்புகளைச் சோதிக்க இது மிக உதவும். ஒரு படக் கட்டத்தில் இடக்கைக் குத்தால் மண்டை ஓட்டுத் தழும்பு விழுகிறது என்றால், ஒன்று ஓவியர் தவறியிருக்கிறார், அல்லது பக்க அமைப்புக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டத்தில் உடையின் பொத்தான், அறையின் கதவு போன்றவை இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

பேட்மேன், லோன் ரேஞ்சர் தோற்றக் கதைகளோடு ஒப்பிட்டால்?

லோன் ரேஞ்சர் 1933இல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கியவர். நிலைபெற்ற தோற்றக் கதையில் ரேஞ்சர்கள் எனப்படும் ஆறு காவல் வீரர்களைப் பதுங்கியிருந்த எதிரிகள் தாக்குகிறார்கள், ஒருவர் மட்டும் பிழைக்கிறார். இறந்த அண்ணனின் உடைத் துணியில் இருந்தே முகமூடி வெட்டப்படுகிறது. எதிரிகள் எல்லோரும் இறந்ததாக நம்பட்டும் என்று அவருடைய தோழர் டோன்டோ ஆறாவது குழியையும் தோண்டி வைக்கிறார். அந்த ஒரு வெற்றுக் குழி முகமூடிக்கான தேவை முழுவதையும் சொல்லிவிடுகிறது.

பேட்மேன் 1939 மேயில் அறிமுகமாகி, நவம்பரில்தான் தோற்றக் கதை பெற்றார். பெற்றோர் கொலை, சிறுவனின் சபதம், பயிற்சி, ஜன்னல் வழியே வந்த வௌவால். இரண்டே பக்கம்.

மூவரிடமும் கொலையும் பிழைத்தவனும் உண்டு. ஆனால் மற்ற இருவரின் சபதமும் அவர்களோடு முடிந்துவிடும். வேதாளருடையது இன்னும் பிறக்காதவர்களையும் கட்டுகிறது. அதனால்தான் 1979இல் அவருக்கும் டயானாவுக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது அது வெறும் குடும்பச் செய்தியாக இருக்கவில்லை, தொடரின் அச்சாணியையே தொட்டது.

சொந்தமாக ஒரு முகமூடி வீரரை உருவாக்குகிறேன். தோற்றக் கதைக்கு எவ்வளவு இடம் தரலாம்?

இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்று தொடங்குங்கள். முதல் பக்கத்தின் முதல் கட்டம் அகலமாக, இடமும் காலமும் ஒரே பார்வையில் புரியும்படி. அடுத்த இரண்டில் இழக்கப்போகும் ஆளை உயிரோடு காட்டுங்கள். பெரும்பாலோர் இதைத் தவிர்த்து நேரே கொலைக்குப் போகிறார்கள், அப்புறம் வாசகருக்கு அந்த இழப்பு உறைப்பதில்லை. நான்காவது தாக்குதல், ஐந்தாவது இழப்பு, ஆறாவது தனிமை. அந்த ஆறாவதில் வசனமே வேண்டாம்.

இரண்டாம் பக்கம் காப்பாற்றுபவர்களோடு தொடங்கட்டும். பிறகு ஒரு பொருள் வழியே உண்மை தெரிய வேண்டும், வேதாளர் கதையில் பிணத்தின் மேல் இருந்த தந்தையின் உடைபோல. சபதத்துக்கு ஒரே கட்டம், அதிகம் போனால் இருபது சொல். சபதம் நீண்டால் வசனம் எழுதும் பலூன் படத்தை விழுங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எனவே சாதாரண பலூனில் பன்னிரண்டு சொல்லைத் தாண்டாமல் பாருங்கள். ஒட்டு எழுத்துகள் நெருங்கினால் சிறிய அளவில் படிக்க முடியாது. முகமூடியை முழுதாகக் கடைசிக் கட்டத்தில் மட்டும் காட்டுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முகத்தை ஏன் மறைக்க வேண்டும் என்பதற்குக் கதைக்குள் காரணமே இல்லாமல் இருப்பது. தோற்றக் கதையிலேயே முதன்மை எதிரியைக் கொன்றுவிட்டு, அவனை அனுப்பிய கூட்டத்தையும் மிச்சம் வைக்காமல் போவது. ஆண்டு, வயது ஆகியவற்றைத் தேவைக்கு மேல் துல்லியமாகக் கொடுத்து, பத்தாவது கதையில் தன் கணக்கில் தானே மாட்டிக்கொள்வது. மூன்றாவதுதான் தொடர் நீண்ட பிறகு அதிகம் வலிக்கும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முழுமை வேண்டுமென்றால் 1936இன் முதல் கதை. ரே மூரின் அடர்ந்த நிழல்கள் அந்தக் கதையின் மர்மத்துக்கு வேறு யாராலும் தர முடியாத கனத்தைத் தருகின்றன. தெளிவு வேண்டுமென்றால் 1961க்குப் பிறகு சை பாரி வரைந்த காலத்துக் கதைகள். அவற்றில் தோற்றக் கதை சில கட்டங்களில் அடிக்கடி நினைவூட்டப்படும். 'தாமதமாக வந்தவர்களுக்காக' என்ற பொருள் தரும் ஆங்கில வாசகத்தோடு அது தொடங்குவது வழக்கம். நாளிதழில் எந்த நாளும் ஒருவர் புதிதாக வாங்கிப் படிக்கலாம் என்பதால் வந்த ஏற்பாடு அது. தொகுப்பாகப் படிக்கும்போது திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றும். தாண்டிவிடாமல் ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நினைவூட்டலிலும் எந்தக் கட்டம் தங்குகிறது, எது விழுகிறது என்று கவனித்தால் கப்பலும் கரையும் சுருங்குவதும், மண்டை ஓட்டின் மேல் கை வைக்கும் கட்டம் மட்டும் விடாமல் வருவதும் தெரியும்.

பழைய சிறிய அளவுக் காமிக்ஸ் பதிப்புகளில் பக்கம் போதாமல் கட்டங்களை வெட்டியது உண்டு. ஒரு கட்டத்தில் கேட்ட கேள்விக்கு அடுத்ததில் பதில் இல்லாமலோ, இடம் திடீரென மாறியோ இருந்தால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். தோற்றக் கதையில் வெட்டு பெரும்பாலும் பந்தர்கள் பேணும் பகுதியில்தான் விழும், ஏனென்றால் அங்கே சண்டை இல்லை. அந்தப் பகுதி உள்ள பதிப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.